முகூர்த்த ப்ளவுஸ் கடைசி நேரத்துல சரியா வரலையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வீட்ல வச்சு தான் தைக்கறேன், புது ப்ளவுஸ விட ஆல்டரேஷன் தான் அதிகம் வரும். தை பொறந்துட்டா போன் ஓயாது, பாதி கல்யாணப் பொண்ணு வீட்ல இருந்து தான், "அக்கா ப்ளவுஸ் இன்னிக்கு தான் கைக்கு வந்துச்சு, கையே ஏறல, வெள்ளிக்கிழமை முகூர்த்தம்" னு. எல்லாருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு முடியல, அதான் மொத்தமா எழுதிடறேன். முக்கால்வாசி பட்டு ப்ளவுஸ் பத்தி தான், லெஹங்கா கவுன் எல்லாம் கடைசில கொஞ்சம்.

ப்ளவுஸ் கைக்கு வந்ததும் மொதல்ல என்ன பாக்கணும்?

உள்பக்கத்த வெளிய திருப்புங்க, போட்டுப் பாக்கறதுக்கும் முன்னாடி. அக்குள்ல இருந்து இடுப்பு வரைக்கும் சைடு தையலுக்கு அந்தாண்ட எவ்ளோ துணி மிச்சம் கெடக்குன்னு இன்ச் டேப்ல அளங்க, அதான் மார்ஜின். நம்ம ஊரு டெய்லருங்க பெரும்பாலும் ஒரு இன்ச்சாவது விடுவாங்க, சில பேர் ஒன்றரை கூட. உள்ள வரிசையா ரெண்டு மூணு தையல் கால் இன்ச் தள்ளித் தள்ளி ஓடியிருந்தா ரொம்ப நல்லது, பின்னாடி உடம்பு போட்டா ஒண்ணொண்ணா பிரிச்சுக்கட்டும்னு தான் அப்படி போடறது.

அடுத்து கைய எப்படி சேத்திருக்காங்கன்னு பாருங்க. கையோட அடித் தையலும் சைடு தையலும் ஒரே கோடா, கை விளிம்புல ஆரம்பிச்சு அக்குள் வழியா இடுப்புல போய் முடிஞ்சா வேலை சுலபம். சைட மூடிட்டு கைய தனியா வட்டமா கைக்குழில ஏத்தியிருந்தா மெனக்கெடணும், அக்குள்கிட்ட ஒரு ரெண்டு இன்ச் கையப் பிரிச்சு விட்டாத்தான் சைட தொடவே முடியும்.

இன்னொண்ணு, கல்யாணம் முடியற வரைக்கும் மார்ஜின் துணிய வெட்டாதீங்க. "லூஸா இருக்கு, புடிச்சாச்சு, எக்ஸ்ட்ரா துணி உறுத்துது" னு அம்மா சொல்வாங்க, கேக்காதீங்க. கல்யாண வாரத்துல உடம்பு எப்படி மாறும்னு யாருக்கும் தெரியாது. சில பேர் டென்ஷன்ல சாப்பிடாம எளைச்சுப் போவாங்க, பீரியட்ஸ தள்ளிப் போட மாத்திரை போட்டுக்கற சில பேருக்கு உடம்பு உப்பிக்கும், விருந்து விருந்துன்னு சாப்டு ஏறுறவங்களும் உண்டு.

டைட்டா இருக்கு, மார்ஜின் இருக்கு. எவ்ளோ பிரிச்சா எவ்ளோ லூஸ் ஆகும்?

இந்த கணக்கு தெரியாம தான் நெறைய பேர் தேவைக்கு மேல பிரிச்சுடறாங்க. ஒரு சைடு தையல்ல முன்பாகம் ஒரு துணி, பின்பாகம் ஒரு துணி. தையல கால் இன்ச் வெளிய தள்ளுனா ரெண்டு துணியிலயும் கால் கால், அதாவது அந்த பக்கம் அரை இன்ச். ரெண்டு பக்கமும் சேத்தா மொத்தமா ஒரு இன்ச். அரை இன்ச் தள்ளுனா ரெண்டு இன்ச். ஊக்கு மாட்ட முடியுது ஆனா மூச்சு முட்டுதுன்னா முக்காவாசி நேரம் அந்த ஒரு இன்ச்சே போதும்.

செய்யற வரிசை முக்கியம். மொதல்ல புதுத் தையல வெளிப்பக்கமா போட்டுடுங்க, அப்புறமா பழைய தையல பிரிங்க. பழசப் பிரிச்சுட்டு புதுசு போட உக்காந்தீங்கன்னா பட்டு ஒரு பக்கம் வழுக்கும் லைனிங் ஒரு பக்கம் இழுக்கும், நாலு துணியும் ஒண்ணா நிக்கவே நிக்காது. பழைய தையல் இருக்கறப்போ அதுவே துணியப் புடிச்சுக்கும், அதுக்கு நேரா கால் இன்ச் தள்ளி ஓட்டிட்டு வந்துடலாம். பிரிக்கறப்போ நூல இழுக்காதீங்க, நாலு தையலுக்கு ஒரு தடவ அறுத்து விட்டுட்டு மறுபக்கம் இருந்து நூல உருவுனா தானா வந்துடும். பிளேடு வேண்டாம், தையல் பிரிக்கறதுக்குன்னே இருக்கற சீம் ரிப்பர் தையல் சாமான் விக்கற கடையில சல்லிசா கெடைக்கும், அதான் பட்டுக்கு நல்லது.

பிரிச்சப்புறம் பழைய ஊசி ஓட்டை வரிசையா தெரியுதே?

பட்டுல அது வரும். நகத்தோட முதுகால ஓட்டை மேல குறுக்கயும் நெடுக்கயும் மெதுவா தேய்ச்சு விடுங்க, இழை நகந்து வந்து ஓரளவு மூடும். அப்புறம் உள்பக்கமா லேசா அயர்ன் சூடு காட்டுங்க. வெறும் பட்டுப் பகுதில முக்கால்வாசி மறைஞ்சுடும், ஜரிகை பார்டர்ல மறையாது, ஜரிகைல விழுந்த ஓட்டை விழுந்தது தான். ஆனா இது அக்குளுக்கு கீழ இருக்கற இடம், கைய எறக்கி வச்சா யாருக்கும் தெரியாது. சேலை கட்டுனா இடது பக்க சைடு தான் தொறந்து கெடக்கும், வலது பக்கம் முந்தானை சுத்தி வர்ற இடம், பாதி மறைஞ்சுடும். அதனால இடது பக்கம் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் தேய்ச்சு சரி பண்ணுங்க, வலது பக்கத்துக்கு அவ்ளோ கவலைப்படாதீங்க.

மார்ஜினே இல்ல அக்கா, டெய்லர் ஓவர்லாக் போட்டு வெட்டிட்டாங்க. என்ன பண்றது?

இங்க தான் நெறைய பேர் அழ ஆரம்பிக்கறது, ஆனா வழி இருக்கு.

மொத வழி ஊக்கு பக்கம். முன்னாடி ஊக்கு வச்ச ப்ளவுஸ்னா, வளையம் இருக்கற பக்கத்துல உள்ளருந்து ஒரு எக்ஸ்ட்ரா பட்டி குடுங்க. ஒன்றரை இன்ச் அகலத்துக்கு ரெண்டா மடிச்ச துணி, உள்ள கேன்வாஸ் வச்சா கெட்டியா நிக்கும். அதுல புதுசா வளையம் வச்சுக்கிட்டா முக்கால் இன்ச்ல இருந்து ஒரு இன்ச் வரைக்கும் கெடைக்கும், மேல முந்தானை வர்றதால கண்ணுக்குத் தெரியாது. பின்னாடி ஊக்கு வச்ச ப்ளவுஸ்னா அதே கலர் துணி வேணும், இல்லன்னா ஜடைக்கு நடுவுல எட்டிப் பாக்கும். பட்டி தைக்க நேரமில்லன்னா வளையத்த மட்டும் விளிம்பு வரைக்கும் நகத்தி வைங்க, கால் இன்ச் வரும், சில நேரம் அந்த கால் இன்ச்சுலயே காரியம் முடிஞ்சுடும்.

ரெண்டாவது வழி சைடு பட்டி. இது தான் உண்மையான வைத்தியம், ரெண்டு மூணு இன்ச் பத்தாதவங்களுக்கு. கை விளிம்புல இருந்து இடுப்பு வரைக்கும் அந்த ஒத்தக் கோட்டு தையல முழுசா பிரிச்சுடுங்க. கைக்குழி தையல் அப்படியே இருக்கட்டும், அதத் தொடக் கூடாது, அது குறுக்க போகும் அவ்ளோ தான். இப்ப ஒரு நீளப் பட்டி வெட்டி அந்த இடைவெளில வச்சு ரெண்டு பக்கமும் தைக்கணும், கை விளிம்புல ஒல்லியா, அக்குள்ல அகலமா, மறுபடி இடுப்புக்கு போகப் போக உங்களுக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ. ஒவ்வொரு சைடுலயும் ஒன்றரை இன்ச் கூடணும்னா, பட்டியோட ரெண்டு பக்கமும் தையலுக்கு அரை அரை சேத்து ரெண்டரை இன்ச்சா வெட்டணும். மறக்காம ரெண்டு சைடுலயும் வைங்க, ஒரு பக்கம் மட்டும் வச்சா முன்பாகம் கோணிக்கிட்டு நிக்கும், கழுத்து ஒரு தோள் பக்கமா இழுத்துக்கும்.

துணிக்கு எங்க போறதுன்னா, டெய்லர் திருப்பிக் குடுத்த மிச்ச பட்டுத் துணிய தேடுங்க. சேலையோட வர்ற ப்ளவுஸ் பிட் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் இருக்கும், தைச்சது போக துண்டு துண்டா மிச்சம் இருக்கும், கவர்ல போட்டுக் குடுத்திருப்பாங்க, குடுக்கலைன்னா போன் பண்ணிக் கேளுங்க. அதுவும் இல்லன்னா அதே கலர் ரா சில்க்கோ சாட்டினோ மேட்சிங் சென்டர்ல பாருங்க. முகூர்த்தச் சேலையோட உள்தலைப்புல இருந்து ஒரு துண்டு வெட்டிக்கலாமான்னு கேக்கறாங்க, இடுப்புக்குள்ள போற பகுதி தான், தெரியாது தான், ஆனா முகூர்த்தச் சேலைல கத்திரி வைக்க வீட்ல பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க. அந்த சண்டைய கல்யாண வீட்ல இழுத்து விட நான் சொல்ல மாட்டேன்.

லூஸா இருக்கு, எப்படி புடிக்கறது?

லூஸ் பிரச்சனை நல்ல பிரச்சனை. உள்பக்கம் திருப்பி, அதே கணக்கு, கால் இன்ச் உள்ள தள்ளுனா மொத்தமா ஒரு இன்ச் குறையும். மொதல்ல கையால பெருசு பெருசா ஓட்டுத் தையல் போட்டு மாட்டிப் பாருங்க, சரியா இருந்தா தான் மெஷின்.

எல்லாரும் தவறுற எடம் அக்குள். இடுப்பு லூஸ்னு சொல்லி இடுப்புலயும் மார்புலயும் மட்டும் புடிச்சு, அக்குள்கிட்ட வந்ததும் சடார்னு பழைய தையலுக்கு திருப்பிடுவாங்க, அங்க ஒரு மொட்டு மாதிரி துணி திரண்டு நிக்கும். தையல் கைக்குள்ளயும் ஒரு ரெண்டு மூணு இன்ச் போய் மெல்ல பழைய கோட்டோட கலக்கணும். அதே நேரம் அக்குள்ல அதிகமா உள்ள போனா கைக்குழி சின்னதாகி கையத் தூக்க முடியாது. மாலை மாத்தறப்போ கையத் தூக்கணும்ல.

மார்பு பகுதி மட்டும் தொளதொளன்னு இருந்தா தையலே வேண்டாம், உள்ள கப் வச்சு நாலு மூலைல கையால ரெண்டு தையல் போட்டு நிறுத்துங்க, நெரம்பிடும். ஏற்கனவே கப் வச்ச ப்ளவுஸ் டைட்டா இருந்தா அதே மாதிரி கப்ப எடுத்துட்டுப் பாருங்க, பிரிக்கற வேலையே மிச்சம்.

உடம்பு சரியா இருக்கு, கை மட்டும் புடிக்குது. மேல் கைல வங்கி நகை வேற போடணும்?

கைல மார்ஜின் பெரும்பாலும் கம்மியா தான் விடுவாங்க, அதுவும் எல்போ கைனா விளிம்பு பக்கம் அரை இன்ச் இருந்தாலே பெருசு. இருக்கறத பிரிச்சுடுங்க. பத்தலைன்னா அக்குள்ல ஒரு சாய்சதுர துண்டு வைங்க, மேல சொன்ன பட்டியோட குட்டி வடிவம் தான், ஒரு முனை கைக்குள்ள, ஒரு முனை சைடுல, நடுவுல ரெண்டு இன்ச் அகலம். கையத் தூக்குனா தான் தெரியும். ஆனா பிடிப்பு கை விளிம்புல இருந்தா, அதாவது பார்டர் வர்ற எடத்துல, அந்த சாய்சதுரம் உதவாது, அங்க முழு நீளப் பட்டி தான்.

வங்கி போடறவங்க வங்கியப் போட்டுக்கிட்டே அளந்து பாருங்க. பழைய மாடல் வங்கி திருகாணி வச்சு இறுக்கறது, அது பட்டு மேல ஏறி ரெண்டு மணி நேரம் நின்னா கை மரத்துப் போகும்.

ஆரி வொர்க் பண்ணுன ப்ளவுஸ வீட்ல தொடலாமா?

வொர்க் எங்க இருக்குங்கறதப் பொறுத்தது. முதுகுலயும் கழுத்துலயும் கை விளிம்புலயும் மட்டும் இருந்து சைடு காலியா இருந்தா தாராளமா தொடலாம். கை விளிம்ப சுத்தி வொர்க் முழு வட்டமா வந்து அடித் தையல்ல சேருதுன்னா தான் யோசிக்கணும்.

ஏன்னா ஆரிங்கறது சங்கிலித் தையல். ஒரு எடத்துல நூல் அறுந்து முனை கைல சிக்குச்சுன்னா இழுக்க இழுக்க சரசரன்னு மொத்த வரிசையும் உருவிக்கிட்டு வரும், ஆறு மாசம் பாத்துப் பாத்து டிசைன் சொல்லி பண்ணுன மயில் ஒரு நிமிஷத்துல தோகை இல்லாம போயிடும். அதனால வொர்க் மேல தையல் போகப் போகுதுன்னா, அந்த எடத்துக்கு ரெண்டு பக்கமும் பின்னாடி இருந்து ஊசி நூலால முடிச்சுப் போட்டு நூல நிறுத்திடுங்க, துணிப் பசை ஒரு சொட்டு வச்சு காய விட்டாலும் சரி. அப்புறமா நடுவுல இருக்கற மணி, கல், குந்தன் எடுக்கணும். மணிய எடுக்க நூல வெட்டாதீங்க, சின்ன குறடு வச்சு மணிய நசுக்கி ஒடச்சு எடுங்க, நூல் அப்படியே இருக்கும். ஒடைக்கறப்போ மேல ஒரு துணியப் போட்டுக்கோங்க, கண்ணாடி மணி கண்ணுக்குத் தெறிக்கும்.

மெஷின்ல தைச்சா ஜிப் ஃபூட் மாட்டிக்கோங்க, ஒரு பக்கம் மட்டும் கால் இருக்கறதால மணிக்கு ஒட்டி ஓட்டலாம். சாதா ஃபூட் மணி மேல ஏறுச்சுன்னா ஊசி ஒடையும், இல்ல மணி ஒடையும். பயமா இருந்தா அந்த ரெண்டு இன்ச்ச மட்டும் கையால தைச்சுடுங்க.

ஷோல்டர் எறங்கி எறங்கி வருது. கழுத்து ரொம்ப அகலம்.

கழுத்தையும் ஷோல்டரையும் கல்யாண வாரத்துல பிரிக்கவே பிரிக்காதீங்க, இதுல நான் கொஞ்சம் பிடிவாதம். அதப் பிரிச்சா பைப்பிங் பிரியும், கை பிரியும், வொர்க் இருந்தா அதுவும் போச்சு. பின் கழுத்துல மேல குறுக்க ஒரு நாடா குடுத்து முடிச்சுப் போட்டுக்கோங்க, ரெண்டு தோளும் உள்ள இழுத்துக்கும், நுனில குஞ்சம் தொங்க விட்டா மொதல்லயே அப்படி ப்ளான் பண்ணுன மாதிரி இருக்கும். நாடா புடிக்காதவங்க ஷோல்டருக்கு உள்பக்கம் சின்ன பட்டி தைச்சு, நுனில டிச் பட்டன் வச்சு, பிரா ஸ்ட்ராப்ப அதுக்குள்ள விட்டு மூடிக்கோங்க, ப்ளவுஸ் ஸ்ட்ராப்போட சேந்து நின்னுடும். முன் கழுத்து வாய் தொறக்குதுன்னா டபுள் சைடு டேப் போதும், ஆனா வேர்வைல டேப் நிக்காது, ஹோமப் புகைல ரெண்டு மணி நேரம் உக்காரணும், அதனால டேப்ப மட்டும் நம்பாம முந்தானை ப்ளீட்டோட சேத்து ஒரு பின் குத்திடுங்க.

நீளம் கம்மி, இல்ல அதிகம்?

அதிகம்னா உள்ள மடிச்சு கையால ஹெம்மிங், அவ்ளோ தான். கம்மின்னா கீழ பட்டில மடிப்புத் துணி இருந்தா எறக்கலாம், இல்லன்னா சேலை கலர்ல ஒரு இன்ச் பார்டர் சேத்துக்கலாம். ஒட்டியாணம் போடறவங்களுக்கு இது பெரிய விஷயமே இல்ல.

எந்த ஊசி, எந்த நூல்? எங்க வீட்டுல பழைய பெடல் மெஷின் தான்.

பெடல் மெஷின் தாராளமா போதும், ஊசிய மட்டும் மாத்துங்க. வீட்டு மெஷின்ல பெரும்பாலும் 14, 16 நம்பர் ஊசி மாட்டி வருஷக்கணக்கா கெடக்கும், அது பட்டுல பொத்தல் போடும், மொனை மழுங்கியிருந்தா இழையையே இழுத்து கோடு கோடா விட்டுடும். புது 11 நம்பர் வாங்கி மாட்டுங்க. மெல்லிசு பட்டுன்னா 9. ஜரிகை பார்டர், லைனிங், கேன்வாஸ் எல்லாம் சேந்து வர்ற கெட்டியான எடத்துல 14 போட்டுக்கலாம். நூல் பாலியஸ்டர், சேலை கலருக்கு ஒரு ஷேட் டார்க்கா எடுங்க, வெளிறுன நூல் தான் பளிச்சுன்னு காட்டிக் குடுக்கும்.

மிச்சத் துணில பட்டும் லைனிங்கும் ரெண்டு ரெண்டா வச்சு ஒரு சாண் ஓட்டிப் பாருங்க. சுருக்கம் விழுந்தா மெஷின்ல நூல் டென்ஷன கொஞ்சம் லூஸ் பண்ணுங்க. மார்க் பண்ணறது எல்லாம் லைனிங் பக்கம் மட்டும், பட்டு மேல பேனா, மெழுகு சாக் எதுவும் படக் கூடாது. குண்டூசி குத்துறதா இருந்தாலும் மார்ஜினுக்குள்ள குத்துங்க.

மெஷினே இல்ல. கையால தைச்சா நிக்குமா?

நிக்கும். வெறும் ஓட்டுத் தையல் நிக்காது, ஒவ்வொரு தடவையும் ஊசிய முன்னாடி விட்டு, திரும்ப பாதி தூரம் பின்னாடி வந்து குத்தி, அப்படியே போகணும். ரெட்டை நூல், சின்னச் சின்ன தையல். ஒரு சைடுக்கு முக்கா மணி நேரம் ஆகும், அக்குள்கிட்ட மட்டும் ரெண்டு வரிசை போடுங்க, அங்க தான் இழுப்பு அதிகம். இழுத்து இறுக்கிடாதீங்க, கையத் தூக்கறப்போ நூல் கொஞ்சம் குடுக்கணும், இல்லன்னா டப்புன்னு அறுந்துடும்.

ஆல்டர் பண்ணதும் அயர்ன் பண்ணலாமா?

பண்ணணும், தையல் அமரும். ஆனா உள்பக்கமா, மேல ஒரு காட்டன் துணி போட்டு, பட்டு சூட்டுல வச்சு. தண்ணி தெளிக்காதீங்க, பட்டுல தண்ணி சொட்டு காஞ்சா வட்டமா திட்டு நிக்கும். ஜரிகைய நேரா தேய்க்கவே கூடாது. அசல் காஞ்சிபுரம் ஜரிகை பட்டு நூல் மேல வெள்ளி சுத்தி தங்க முலாம் போட்டது, அது ஓரளவு தாங்கும். இப்ப நெறைய சேலைல வர்றது பிளாஸ்டிக் ஜரிகை, சூடு பட்டா சுருண்டு போகும், பெட்டிலயே ஒட்டிக்கும். எந்த ஜரிகைன்னு தெரியலைன்னா பிளாஸ்டிக்னே நெனச்சுக்கிட்டு பண்ணுங்க. அப்புறம் சென்ட் அடிக்கறது எல்லாம் ப்ளவுஸ் போடறதுக்கு முன்னாடி, ஜரிகை மேல அடிச்சா கறுத்துடும்.

பிரின்சஸ் கட், சைடு ஜிப் வச்ச ப்ளவுஸ்?

பிரின்சஸ் கட்ல முன்னாடி வளைஞ்சு எறங்குற ரெண்டு தையல்ல புடிக்கலாம், ஆனா அங்க மார்ஜின் அரை இன்ச் கூட இருக்காது, அதனால லூஸ் விட அங்க எதிர்பாக்காதீங்க. வளைவுல நெறைய எடத்துல வெட்டுக் குடுத்திருப்பாங்க, பிரிச்சா அந்த வெட்டு வெளிய வந்துடும். ஜிப் சைடுல இருந்தா ஜிப்ப விட்டுட்டு மறுபக்கம் மட்டும் அரை இன்ச் வரைக்கும் மாத்தலாம், அதுக்கு மேல போனா முன்னாடி நடுக்கோடு நகந்துடும்.

சேலையே நீளம் பத்தல, ப்ளீட் நாலு தான் வருது.

உயரமான பொண்ணுங்களுக்கும் கொஞ்சம் பூசுன உடம்புக்காரங்களுக்கும் அஞ்சரை மீட்டர் பத்தாம போறது உண்டு. உள்தலைப்புல, அதாவது மொதல்ல இடுப்புல சொருகற முனைல, அதே கலர் காட்டன் துணி அரை மீட்டர், முக்கா மீட்டர் சேத்து தைச்சுடுங்க. அது மொத சுத்துலயே உள்ள போயிடும், முன்னாடி ஒரு ப்ளீட் ரெண்டு ப்ளீட் கூட கெடைக்கும். காட்டன்ங்கறதால வழுக்காம பிடிப்பாவும் நிக்கும். ஃபால்ஸ் அந்த காட்டன் பகுதிக்கு வேண்டாம். குஞ்சம் கட்ட நேரமில்லன்னா விட்டுடுங்க, முந்தானை ஓரத்துல பீக்கோ போதும்.

பாவாடை நாடாவ மறக்காதீங்க. பட்டுச் சேலையோட மொத்த கனமும் அது மேல தான் நிக்குது. நைலான் நாடா வழுக்கும், காட்டன் நாடா மாத்துங்க.

ரிசப்ஷன் லெஹங்கா நீளமா இருக்கு, சர்ச்ல போடற கவுன் ஜிப் ஏறல, ரெண்டும் கேக்கறாங்க.

லெஹங்காவ கீழ மடிக்காதீங்க, வொர்க் எல்லாம் கீழ தான். இடுப்பு பட்டியப் பிரிச்சு மேல இருந்து தூக்கி தைக்கணும். போடப் போற செருப்பப் போட்டுக்கிட்டே அளங்க. உள்ள கேன்கேன், அதாவது பாவாடை விரிஞ்சு நிக்க வைக்கற வலைத் துணி இருந்தா அதையும் சேத்து தூக்கணும், இல்லன்னா வலை கீழ எட்டிப் பாக்கும்.

கவுன் ஜிப் ஏறலைன்னா ஜிப்ப எடுத்துட்டு ரெண்டு பக்கமும் துணி வளையம் வரிசையா வச்சு நாடா கோத்து கட்டறது தான் வழக்கம், ரெண்டு மூணு இன்ச் இடைவெளிய கூட சமாளிக்கும். பின்னாடி முதுகு தெரியாம இருக்க உள்ள ஒரு அகலத் துணி கண்டிப்பா வைங்க. வளையம் தைக்க பொறுமை வேணும், ஒரு முழு நாள் ஒதுக்குங்க.

மாப்ள சட்டை?

பட்டு சட்டைய சைடுல புடிக்கலாம். வேட்டிக்கு வெல்க்ரோ, இல்ல பெல்ட். முடிஞ்சது.

எப்ப வீட்ல முயற்சி பண்ணாம டெய்லர்கிட்ட ஓடணும்?

கைக்குழி குறுகி கையே எறங்கலைன்னா, கழுத்து ஒரு பக்கமா கோணலா இருந்தா, பட்டு தையல் ஓரத்துல இழை விட்டு பிரிய ஆரம்பிச்சிருந்தா, உடனே. தைச்ச டெய்லர்கிட்டயே போங்க, அவங்க பேட்டர்ன் அவங்களுக்குத் தான் தெரியும். அவங்க இழுத்தடிச்சா ஆல்டரேஷன் மட்டும் பாக்கற ஆளுங்க எல்லா ஊர் கடைத்தெருவுலயும் இருக்காங்க. மதுரைல மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிர்க்க புது மண்டபத்துல தூணுக்கு தூண் மெஷின் போட்டு உக்காந்திருந்தாங்களே, இப்ப அந்த கடைங்க குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிடுச்சு. அந்த மாதிரி ஆளுங்க நின்ன நெலைல பாத்து முடிச்சுக் குடுப்பாங்க. ப்ளவுஸ குடுத்துட்டு வந்துடாதீங்க, பக்கத்துலயே நின்னு, போட்டுப் பாத்து வாங்கிட்டு வாங்க.

ட்ரையல் எப்படி பாக்கறது? கண்ணாடி முன்னாடி நின்னா நல்லா தான் இருக்கு.

நின்னா எல்லா ப்ளவுஸும் நல்லா தான் இருக்கும். அன்னிக்கு போடப் போற அதே பிரா போட்டு, சாயங்காலமா பாருங்க, காலைல வெறும் வயித்துல பாத்தா பொய் சொல்லும். சம்மணம் போட்டு கீழ உக்காருங்க. ரெண்டு கையையும் உங்கள விட உயரமான ஆளு கழுத்துல மாலை போடற அளவுக்கு தூக்குங்க. கால்ல விழற மாதிரி முழுசா குனிஞ்சு எந்திரிங்க, கல்யாணத்தன்னிக்கு எத்தன பேர் கால்ல விழணும்னு கணக்கே இல்ல. கால் மணி நேரம் அப்படியே சுத்திட்டு இருங்க, எங்க அறுக்குது எங்க ஏறுதுன்னு அப்ப தான் தெரியும். லைனிங் சாயம் போகுமான்னும் பாக்கணும், ஈர வெள்ளைத் துணியால அக்குள் லைனிங்க லேசா ஒத்தி எடுங்க, கலர் ஏறுச்சுன்னா ஸ்வெட் பேட் வச்சுக்கோங்க, இல்லன்னா வேர்வைல அரக்குச் சாயம் பட்டுல எறங்கும்.

மண்டபத்துலயே பிரிஞ்சுட்டா?

பிரியறது பெரும்பாலும் ஊக்கோ அக்குள் தையலோ தான். ஒரு சின்ன டப்பால சேலை கலர், ப்ளவுஸ் கலர் ரெண்டுலயும் நூல் கோத்த ஊசி ரெடியா வச்சு, நாலு ஊக்கு, குட்டி கத்திரி, மெல்லிசு பின் போட்டு, ஓடியாடாத ஒரு சித்தி கிட்டயோ ஃப்ரெண்டு கிட்டயோ குடுத்து வைங்க. அம்மாகிட்ட குடுக்காதீங்க, அவங்க சீர்வரிசை தட்டு எண்ணிட்டு இருப்பாங்க. விடியக்காலை முகூர்த்தம்னா ரூம் லைட்ல நூல் கோக்க யாராலயும் முடியாது, அதான் முன்னாடியே கோக்கச் சொல்றேன். பின் குத்துறதா இருந்தா லைனிங்கயும் சேத்துப் புடிச்சு குத்துங்க, தனிப் பட்டுல குத்துனா இழுப்புக்கு கிழிஞ்சு நீளும். ப்ளவுஸ உடம்புல வச்சே தைக்கறப்போ உள்ள ஒரு அட்டைத் துண்ட சொருகிக்கிட்டு தைங்க, பொண்ணு முதுகுல ஊசி எறங்காம இருக்கும்.

கல்யாணம் முடிஞ்சுது, எக்ஸ்ட்ரா பட்டி, நாடா எல்லாம் எடுத்துடலாமா?

மொதல்ல நெழல்ல ஆற விட்டு, ட்ரை க்ளீனிங் குடுத்துட்டு வாங்க, வேர்வையோட மடிச்சு வச்சா அக்குள் பட்டு நைஞ்சுடும். நாடா புடிக்கலைன்னா எடுங்க. சைடு பட்டிய எடுக்காதீங்க, மார்ஜினும் அப்படியே கெடக்கட்டும். வளைகாப்புக்கு இதே சேலைய கட்டச் சொல்லி வீட்ல கேப்பாங்க, அப்ப இன்னும் ரெண்டு இன்ச் வேணும்.